சேலம் ஜெயிலில் 22 பேர்: நம் ஊரில் யாருக்குமே தெரியாதா?

11 பிப்ரவரி, மாலை 6.40 | கேட்டவர்: ஏற்காடு பஸ்

எனக்குச் சொந்த ஊர் சேலம் அஸ்தம்பட்டி, வேலை கண்ணூரில். இன்று காலை ஆபீஸ் போகிற வழியெல்லாம் சிவப்புக் கொடி. ஒரு பேனரில் மலையாளத்தில் 'சேலம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. கூட வேலை பார்க்கும் சேட்டனிடம் கேட்டேன். "உங்கள் ஊர் ஜெயிலில் எங்கள் ஆட்களைச் சுட்டுக் கொன்ற நாள் இது, சேலத்துக்காரன் என்கிறாய், தெரியாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த ஜெயில் பக்கமாகத்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். ஒருத்தரும் சொன்னதில்லை. வெள்ளைக்காரன் காலத்து விஷயமா? நிஜமாகவே நடந்ததா?

11 பிப்ரவரி, இரவு 9.15 | பழைய கேஷியர்

நடந்தது. 1950 பிப்ரவரி 11. செத்தவர்கள் 22 பேர். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள், எல்லோரும் கம்யூனிஸ்ட் கைதிகள். வெள்ளைக்காரன் காலம் இல்லை தம்பி. அவன் போய் இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. குடியரசு அறிவித்துப் பதினாறு நாள். சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி, குமாரசாமி ராஜா முதலமைச்சர்.

இதில் சொல்ல நிறைய இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

12 பிப்ரவரி, காலை 7.30 | பழைய கேஷியர்

முதலில் மலபார்க்காரர்கள் ஏன் சேலம் ஜெயிலில் இருந்தார்கள் என்பது. 1956 நவம்பர் 1 வரை மலபார் சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. அங்கே தண்டனை வாங்கினால் கண்ணூரிலும் போடுவார்கள், வேலூர், கடலூர், சேலம் எங்கும் அனுப்புவார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்க்க முடியாத தூரத்தில் போடுவதும் ஒரு தண்டனைதான்.

ஆனால் கதையை அரிசியில் ஆரம்பிக்க வேண்டும். யுத்தத்துக்கு முன்னால் மலபாரில் பாதி அடுப்பு பர்மா அரிசியில் எரிந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அந்த அரிசி நின்றுபோனது. கட்டுப்பாடு, ரேஷன், கொள்முதல், பதுக்கல் எல்லாம் வரிசையாக வந்தன. 1945-இல் யுத்தம் முடிந்தது, பஞ்சம் முடியவில்லை. 1946 டிசம்பர் 20-ஆம் தேதி கரிவெள்ளூரில், ஊர் ஜனம் சிறைக்கல் அரண்மனைக்குப் போக இருந்த நெல்லை மறித்தது. இங்கே விளைந்ததை இங்கேயே நியாய விலைக்குக் கொடு என்றார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் போனார்கள். பத்தே நாளில், டிசம்பர் 30, காவும்பாயி. மலைச்சரிவில் காட்டை வெட்டிப் புனம் பயிரிட நிலம் கேட்ட விவசாயிகள், எதிரே ஜன்மி என்ற நிலப்பிரபு, ஜன்மிக்குத் துணையாகப் போலீஸ். ஐந்து பேர் செத்தார்கள். இந்தப் போராட்டங்களில் பிடிபட்டவர்களில் பலர் பின்னால் சேலம் வந்து சேர்ந்தார்கள்.

காவும்பாயி தலைவர் தளியன் ராமன் நம்பியார் சேலத்தில் செத்த 22 பேரில் ஒருவர். அவர் மகன் நாராயணன் நம்பியாரும் அன்று அதே சிறையில் இருந்தார். குண்டு பட்டும் பிழைத்து, தொண்ணூறு வயதுக்கு மேல் வாழ்ந்து 2022-இல்தான் காலமானார். அப்பா மகன் இருவரும் ஒரே கூரையின் கீழே. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

12 பிப்ரவரி, காலை 8.05 | பழைய கேஷியர்

அரிசி என்றதும் பாட்டி ஞாபகம். அம்மாப்பேட்டையில் தறிக்காரக் குடும்பம் நாங்கள். 1943-இல் நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் நூல் கடையில் இருக்காது, கடைக்காரர் வீட்டுப் பின்கட்டில் இருக்கும், விலை அவர் வாயில் இருக்கும். பாவு இல்லாத தறியைப் பாட்டி 'மூளி' என்பாள். தறிக்குழியில் நெல்லிக்காய் மூட்டை போட்டு வைத்திருந்தார்களாம், இடம் சும்மா கிடக்கக் கூடாது என்று. ரேஷனில் அமெரிக்காவிலிருந்து வந்த மைலோ சோளம் போட்டார்கள். களி கிண்டினால் கோந்து மாதிரி வந்தது, அப்படியே தின்றோம் என்பாள். ஆனால் யாரையும் எதிர்த்து நின்றதாக ஒரு கதைகூட அவளிடம் கிடையாது. கஞ்சித் தொட்டியில் வரிசையில் நின்ற கதை உண்டு. எதற்கும் கோபப்படாத மனுஷி, யாராவது சோளம் என்று சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

கரிவெள்ளூரில் நெல்லை மறித்தார்கள், அம்மாப்பேட்டையில் வரிசையில் நின்றார்கள். ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சங்கம் இருந்ததும் இல்லாததும் மட்டும் காரணமாக இருக்க முடியாது, சேலத்திலும் நெசவாளர் சங்கம் இருந்தது. தறிக்காரன் பட்டினி வீட்டுக்குள் இருக்கிறது, நெல் ஊர் கண்ணெதிரே போகிறது. அதுவாக இருக்கலாம்.

12 பிப்ரவரி, பகல் 1.20 | பழைய கேஷியர்

மேலே ஒருவர் "அவர்கள் நக்சலைட்டுகள், சுட்டது சரிதான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஐயா, நக்சல்பாரி 1967. இது 1950. பதினேழு வருஷம் முன்னால் போய்ச் சுட வேண்டும் என்றால் காலயந்திரம் வேண்டும்.

13 பிப்ரவரி, இரவு 10.00 | பழைய கேஷியர்

உள்ளே என்ன நடந்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கைதிகள் கேட்டது, எங்களை அரசியல் கைதிகளாக நடத்து என்பது. சாதாரணக் குற்றக் கைதி மாதிரி தொப்பி போட மாட்டோம், நம்பர் பட்டை கட்ட மாட்டோம், மாடு இழுக்கிற பார வண்டியை இழுக்க மாட்டோம். கேட்க அற்பமாகத் தெரியும். ஒரு தொப்பிக்கா உயிர் என்று என் மருமகள் கேட்டாள். வெளியே ஜன்மி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்ற ஆள், அதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவன். உள்ளே வந்து தொப்பி போட்டால் வெளியே செய்ததெல்லாம் வீண். அவனுக்கு அது அற்பம் இல்லை.

11-ஆம் தேதி தகராறு முற்றியது. அரசு சொன்னது இது: கைதிகள் சிறை அதிகாரிகளையும் காவலர்களையும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட வேண்டி வந்தது. பிழைத்தவர்கள் சொன்னது வேறு: தடியடி நடத்திக் கூடத்துக்குள் தள்ளி, போக வழியில்லாதவர்கள் மேல் சுட்டார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் கணக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒரு பக்கம் 22 பிணம், காயம் பட்டவர்கள் ஒரு கூட்டம். எதிர்ப்பக்கம் ஒரு பிணமும் இல்லை. தற்காப்பு என்றால் ஐந்தோடு ஆறோடு நின்றிருக்க வேண்டாமா?

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு ஹெட் வார்டர் இருந்தார். 1950-க்கு வெகு காலம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர். தெருவில் பிள்ளைகள் சண்டை போட்டால் வந்து விலக்கிவிடுவார், கையில் எப்போதும் வெற்றிலைப் பெட்டி. நான் இதைப் பற்றி எதையோ படித்துவிட்டு அவரிடம் போய்க் கேட்டேன். பெட்டியைத் திறந்தார், வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார், பின்பக்க நரம்பை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தார், சுண்ணாம்பைத் தடவினார். "சேர்ந்த புதிதில் நானும் பெரியவர்களிடம் கேட்டேன். சாவியை எண்ணிப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள்" என்றார். அதன்பின் அடுத்த வாரம் பண்டிகைக்கு எந்தக் கடையில் பட்டாசு மலிவு என்று பேச ஆரம்பித்தார்.

1862-இல் கட்டிய ஜெயில் அது. எத்தனையோ பேர் வந்து போன இடம். அதற்குள் இருந்தவர்களில் ஒருவர்கூடத் தன் பிள்ளையிடம் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. வீட்டுக்குள் பேசிக் கதவோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

14 பிப்ரவரி, காலை 6.50 | பழைய கேஷியர்

'ஏற்காடு பஸ்' தம்பி, நீ கேட்டதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் இந்த இழையில் உட்கார்ந்து எழுதுவதே அதற்காகத்தான்.

பம்பாயில் 'கிராஸ் ரோட்ஸ்' என்று ஒரு ஆங்கில வாரப் பத்திரிகை, ஆசிரியர் ரொமேஷ் தாப்பர், இடதுசாரி. சேலத்தில் சுட்டதை அது விடாமல் எழுதியது. சுட்ட பதினெட்டாம் நாள், மார்ச் 1-ஆம் தேதி, சென்னை அரசு அந்தப் பத்திரிகை மாகாணத்துக்குள்ளேயே வரக் கூடாது என்று தடை போட்டது. சேலம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பத்திரிகை எழுதாத வம்பு இல்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். தடைக்கு எடுத்த ஆயுதம் 1949-இன் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம்.

தாப்பர் நேராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அரசியல் சட்டம் வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. மே 26-ஆம் தேதி தீர்ப்பு, எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. பொது ஒழுங்கு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பேச்சுரிமையைத் தடுக்க முடியாது, அரசின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் மட்டும்தான் முடியும் என்றார்கள். தடை செல்லாது. தாப்பர் ஜெயித்தார்.

டெல்லியில் பதறினார்கள். 1951 ஜூன் 18-ஆம் தேதி அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். பேச்சுரிமைக்கு வரம்பு சொல்லும் 19(2)-இல் 'பொது ஒழுங்கு' என்பதையே காரணமாகச் சேர்த்தார்கள், அயல்நாடுகளுடன் நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்பவற்றையும் சேர்த்தார்கள். 'நியாயமான' கட்டுப்பாடு என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது, அது ஒன்று நல்லது.

இப்போது சொல்லுங்கள். முதல் திருத்தம் என்றால் தமிழ்நாட்டில் எந்த மேடையிலும் ஒரே கதை: செண்பகம் துரைராஜன் வழக்கு, வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்ற தீர்ப்பு, பெரியார் நடத்திய போராட்டம், 15(4) வந்தது, இடஒதுக்கீடு பிழைத்தது. அத்தனையும் உண்மை. நானும் கை தட்டியிருக்கிறேன். அதே காகிதத்தின் மறுபக்கத்தில் பேச்சுரிமைக்கு வைத்த கடிவாளம் இருக்கிறது. அதற்கு வழி போட்ட வழக்கும் நம் மாகாணத்து வழக்குதான், அந்த வழக்குக்குப் பின்னால் நம் ஊர் ஜெயிலின் வெடிச்சத்தம் இருக்கிறது. அந்தப் பாதியை எந்த மேடையிலும் கேட்டதில்லை. திருத்தம் நமக்குக் கொடுத்ததைச் சொல்லி எடுத்ததைச் சொல்லாமல் விட்டால் அது வரவை மட்டும் எழுதின பேரேடு.

14 பிப்ரவரி, பகல் 12.10 | பழைய கேஷியர்

மேலே எழுதியதில் ஒரு சுவாரசியம் விட்டுப்போனது. அதே மார்ச் 1-ஆம் தேதிதான் மலபார் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கும் புதிய தடுப்புக் காவல் உத்தரவு கொடுத்தார்கள். 1947 டிசம்பரிலிருந்தே உள்ளே இருந்த மனுஷன். அவர் வழக்கில் மே 19-ஆம் தேதி தீர்ப்பு. ஆறு நீதிபதிகளில் நாலு பேர் தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றார்கள், அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவை மட்டும் அடித்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் பதஞ்சலி சாஸ்திரி. எதிர்த்தவர்களில் ஒருவர் ஃபசல் அலி. ஒரே வாரம் கழித்துத் தாப்பர் வழக்கில் பதஞ்சலி சாஸ்திரி சுதந்திரத்தின் பக்கம், ஃபசல் அலி தனியாக அரசின் பக்கம். ஆளை விசாரணை இல்லாமல் அடைக்கலாம், அவன் எழுதியதை அடைக்கக் கூடாது என்று ஒருவர். ஆளை அடைக்கக் கூடாது, எழுதியதை அடைக்கலாம் என்று இன்னொருவர். இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுக் காபி வாங்கிக் கொடுத்தால் என்ன பேசியிருப்பார்கள்!

இன்னொன்று. தாப்பருக்காக வாதாடியவர் சி.ஆர். பட்டாபிராமன், திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் மகன். புன்னப்புரை வயலாரில் கம்யூனிஸ்டுகளைச் சுட்டது 1946 அக்டோபர், அப்போது திவான் அப்பா. நாலு வருஷத்துக்குள் கம்யூனிஸ்ட் பத்திரிகைக்கு வக்கீல் மகன்.

14 பிப்ரவரி, இரவு 9.40 | பழைய கேஷியர்

"அப்பா ஒரு பக்கம் மகன் ஒரு பக்கம் என்றால் குமாரமங்கலம் குடும்பத்தை விட்டுவிட்டீர்களே சார்" என்று 'திருச்செங்கோட்டான்' எழுதியிருக்கிறார். அடுத்து அங்கேதான் வரப்போகிறேன்.

டாக்டர் சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன், அப்போது எல்லாம் சேலம் ஜில்லாதான். 1926-இல் மாகாணத்தின் முதல் மந்திரி. 1947-இல் ஓமந்தூரார் மந்திரி சபையில் போலீஸ் இலாகா அவரிடம். போலீஸ் தேடிக்கொண்டிருந்த கம்யூனிஸ்டுகளில் அவர் மகன் மோகனும் மகள் பார்வதியும் அடக்கம். மகள் பார்வதி கிருஷ்ணன் தலைமறைவு வாழ்க்கையும் பார்த்தவர், பின்னால் கோவை எம்.பி. மகன் ஈட்டனில் படித்து, 1938-இல் கேம்பிரிட்ஜ் மாணவர் யூனியன் தலைவராக இருந்தவர், ஊருக்கு வந்து தொழிற்சங்க வேலை பார்த்தார். 1950-இல் சேலத்தில் சுட்டபோது சுப்பராயன் மந்திரியாக இல்லை, இந்தோனேசியாவில் தூதர். அதனால் அந்த ரத்தம் அவர் கையில் இல்லை.

மூத்த மகன் பி.பி. குமாரமங்கலம் ராணுவம். 1942 மே மாசம் லிபியாப் பாலைவனத்தில் ரொம்மல் படை பாய்ந்து வந்தபோது பீரங்கிப் படைப்பிரிவோடு நின்று சண்டை போட்டுப் பிடிபட்டார், வீரத்துக்கு டி.எஸ்.ஓ. பதக்கம். இத்தாலி, ஜெர்மனி என்று கைதி முகாம்கள். பின்னால் 1966-இல் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி. அண்ணன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் நாஜிகளோடு சண்டை போடப் போனபோது, இது ஏகாதிபத்திய யுத்தம், எதிர்க்க வேண்டும் என்று பேசிய தம்பி 1941-இல் சென்னைச் சதி வழக்கில் உள்ளே. ஹிட்லர் ரஷ்யா மேல் பாய்ந்ததும் அதே யுத்தம் மக்கள் யுத்தம் ஆனது, 1942 ஜூலையில் கட்சி மேலிருந்த தடை நீங்கியது. தம்பி கட்சிக்குத் தடை நீங்கிய நேரம் அண்ணன் முள்கம்பிக்குள். அந்த வீட்டில் தீபாவளிச் சாப்பாட்டு நேரத்தில் அரசியல் பேசியிருந்தால் இலை எல்லாம் பறந்திருக்கும்.

சேலம் ஸ்டீல் பிளான்ட் டவுன்ஷிப்புக்கு மோகன் நகர் என்று பெயர் வைத்தது இந்த மோகனுக்காகத்தான். கண்டக்டர் மோகன் நகர் மோகன் நகர் என்று கூவும்போது எத்தனை பேருக்குத் தெரியுமோ. ஆனால் புகழ்ந்துவிட்டுப் போக மனசு வரவில்லை. 1971-இல் மிசா சட்டம் வந்தபோது இவர் இந்திரா காந்தியின் மந்திரி சபையில் இருந்தார். விசாரணை இல்லாமல் அடைத்தால் என்ன என்று தன் உடம்பிலேயே அனுபவித்தவர். 1973-இல் மூன்று நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கியபோது நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடியதும் இவர்தான். அந்த மே மாசமே விமான விபத்தில் போய்விட்டார். நெருக்கடி நிலையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார்? பழைய தோழர் ஒருவர் 'நிச்சயம் எதிர்த்திருப்பார்' என்று என்னோடு சண்டைக்கு வருவார். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

15 பிப்ரவரி, காலை 7.15 | பழைய கேஷியர்

ஏற்காடு எஸ்டேட்டுகளைக் கேட்டவருக்கு: காபி அங்கே 1820-களிலேயே வந்துவிட்டது, கலெக்டர் காக்பர்ன் கைங்கரியம். தோட்டத் தொழிலாளிக்கு வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குத் தொட்டில் அறை எல்லாம் முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் எழுதியது 1951. முதல் திருத்தம் வந்த அதே வருஷம். ஒரு கையில் கொடுத்து மறு கையில் எடுத்த வருஷம் அது. எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது எழுதினால் நானும் படிக்கிறேன்.

16 பிப்ரவரி, இரவு 11.05 | பழைய கேஷியர்

'உங்கள் வீட்டில் யாரும் அரசியலில் இல்லையா, தள்ளி நின்றே பேசுகிறீர்கள்' என்று ஒரு குத்தல். நியாயம்தான்.

அரசியலில் யாரும் இல்லை. பயத்தில் எல்லோரும் இருந்தோம். அப்பா தறியை விட்டு ரயில்வேக்குப் போனவர், சேலம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். அன்று சேலம் ஒலவக்கோடு கோட்டத்தில் இருந்தது, நமக்கென்று கோட்டம் வந்தது 2007-இல்தான். 1974 மே 8-ஆம் தேதி அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம், 17 லட்சம் பேர் என்றார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸை மே 2-ஆம் தேதியே பிடித்துவிட்டார்கள். மிசா, பாதுகாப்பு விதிகள் என்று பெயர்கள் காதில் விழும். சூரமங்கலம் பக்கம் குவார்ட்டர்ஸில் ராத்திரி ஜீப் சத்தம் கேட்டால் வரிசையாக விளக்கு அணையும்.

அப்பா சங்கத்தில் வெறும் சந்தாதாரர். ஆனால் யாரோ அவர் கையில் ரசீது புத்தகத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அம்மா அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ராகி மாவு டப்பாவின் அடியில் வைத்து, மேலே மாவைக் கொட்டி, மாவின் மேல் கையால் தட்டிச் சமன் செய்தாள். அப்புறம் என்னைப் பார்த்து "களி கேட்டு அழுதே, தொலைச்சேன்" என்றாள். அப்பா அம்மாப்பேட்டையில் பாட்டி வீட்டில் போய்ப் படுத்தார். பாட்டி வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவனையெல்லாம் யாரு என்னா என்று விசாரித்து எங்களைக் காட்டிக்கொடுக்கிற மாதிரிக் காவல் காத்தாள்.

மே 27-ஆம் தேதி வேலைநிறுத்தம் வாபஸ். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவே இல்லை. ஒருத்தர்கூட. அப்பா அதற்குப் பிறகு இருபது வருஷம் வேலை பார்த்தார், எந்தச் சங்கக் கூட்டத்துக்கும் போகவில்லை. அரசாங்கத்துக்கு ஒரு ஜீப் பெட்ரோல்கூடச் செலவில்லாமல் ஒரு ஆள் அடங்கிப்போனான். அடுத்த வருஷம் நெருக்கடி நிலை வந்தபோது எங்கள் வீட்டில் புதிதாக ஒன்றும் மாறவில்லை. ஏற்கெனவே மாறியாகிவிட்டது.

17 பிப்ரவரி, காலை 6.30 | பழைய கேஷியர்

'கம்யூனிஸ்டுகள் மட்டும் யோக்கியமா?' என்ற கேள்விக்கு.

இல்லை. 1948 பிப்ரவரி கடைசியில் கல்கத்தாவில் கூடிய கட்சி மாநாடு பி.சி. ஜோஷியை இறக்கிவிட்டு பி.டி. ரணதிவேயை ஏற்றியது. வந்த சுதந்திரம் போலி, நேரு ஏகாதிபத்தியத்தின் ஆள், ஆட்சியைக் கவிழ்க்க நேரம் வந்துவிட்டது என்று தீர்மானம். தெலங்கானாவில் துப்பாக்கி ஏந்திய சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்படி இருக்கும்போது சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பயம் வந்தது இயல்புதான். 1949-இல் சென்னை மாகாணத்தில் கட்சிக்குத் தடை போட்டார்கள். அதையும் ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. தப்பான பாதை என்று கட்சியே பின்னால் ஒப்புக்கொண்டு ரணதிவேயை மாற்றியது.

என் கேள்வி வேறு. காட்டில் துப்பாக்கி வைத்திருப்பவனைப் பார்த்து வந்த பயம், ஜெயிலுக்குள் தொப்பி போட மறுக்கிறவன் மேல் எப்படி வந்து இறங்கியது? அவன் பூட்டுக்குள் இருக்கிறான். அவனால் நேரு ஆட்சியைக் கவிழ்க்க முடியாது, அடுத்த வேளைக் கஞ்சியைக்கூட அவன் தீர்மானிக்க முடியாது. உயரத்தில் இருப்பவன் ஒரு தீர்மானத்தைப் படித்துப் பயப்படுகிறான், அந்தப் பயம் படி படியாக இறங்கி, கடைசியில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒரு வார்டரிடம் வந்து சேரும்போது அதில் தீர்மானம் இருப்பதில்லை, உத்தரவு மட்டும் இருக்கிறது.

சுட்ட பிறகு அதே பயம் மறுபடி மேலே ஏறியது. பதினெட்டு நாளில் பத்திரிகைத் தடை, ஒரு வருஷம் சொச்சத்தில் திருத்தம். இடையில் பிப்ரவரி 25-ஆம் தேதி தடுப்புக் காவல் மசோதாவைக் கொண்டுவந்த படேல், இதை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தேன் என்று சபையில் சொன்னார். மசோதா அன்றைக்கே நிறைவேறியது. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்த சட்டம் நீட்டி நீட்டி 1969 கடைசி வரை இருந்தது.

ராஜாஜி 1952-இல் முதலமைச்சராக வந்ததும் சட்டசபையில் கம்யூனிஸ்டுகளைப் பார்த்து நான்தான் உங்கள் முதல் எதிரி என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அதே வருஷம் ஜூனில் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்ததும் அவர்தான். சேலத்தில் வக்கீலாக இருந்து, இங்கே நகராட்சித் தலைவராகவும் இருந்த மனுஷர், வயிறு காய்ந்தால் என்ன வரும் என்று தெரிந்தவர். எதிரியை அடைப்பதைவிட எதிரி பேசுகிற காரணத்தை எடுத்துவிடுவது மேல் என்று பட்டிருக்கலாம். எனக்கு அவரைப் பிடிக்காது, இதில் மட்டும் பிடிக்கும்.

17 பிப்ரவரி, பகல் 2.45 | பழைய கேஷியர்

'தீர்ப்பில் சேலம் என்ற பெயரே இல்லையே, நீங்களாக முடிச்சுப் போடுகிறீர்கள்' என்று வக்கீல் தம்பி. பெயர் இருக்காது. அங்கே கேள்வி, அரசுக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையா என்பது. பத்திரிகை என்ன எழுதியது என்பது இல்லை. திருத்தத்தை நான் சேலத்தின் தலையில் மட்டும் கட்டவும் இல்லை. டெல்லியில் ஆர்கனைசர் பத்திரிகை வழக்கும் தாப்பர் வழக்கோடு அதே நாளில் வந்தது, வலதுசாரிப் பத்திரிகை அது. பீதி இரண்டு பக்கத்தையும் பார்த்து வந்தது. ஆனால் தெற்கிலிருந்து போன வழி எங்கள் அஸ்தம்பட்டி வழியாகப் போனது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

18 பிப்ரவரி, இரவு 8.20 | பழைய கேஷியர்

'ஏற்காடு பஸ்' தம்பி, சேட்டனிடம் என்ன சொல்வது என்று தனியாகக் கேட்டிருந்தாய். சேலத்தில் கட்சிக்காரர்கள் வருஷா வருஷம் பிப்ரவரி 11-இல் அஞ்சலி செலுத்துகிறார்கள், கட்சிக்கு வெளியே யாரும் போவதில்லை என்று உள்ளபடி சொல். இறந்தவர்களில் தமிழர்களும் உண்டு என்று சேர்த்துச் சொல், அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அவர் ஊர்ப்பக்கம் காவும்பாயி இருந்தால் ஒரு நடை போய் வா, வந்து இங்கே எழுது.

1882 சேலம் கலவரமும் அதே ஜெயில்தானே என்று கேட்கிறவர்கள் தனி இழை ஆரம்பியுங்கள். அந்தக் கலவர வழக்கில் விஜயராகவாச்சாரியாருக்கு அந்தமான் தண்டனை விதித்ததும், மேல்கோர்ட்டில் அவர் விடுதலையாகி வந்ததும், அப்புறம் அவர் சும்மா விடாமல் துரத்தியதும் இதைவிட நீளம்.